627001: ஒரு பெரிய எண்ணைப் பிரித்துப் படிப்பது எப்படி?

ஆறு இலக்க எண் ஒன்றைக் கொடுத்து "இதைப் பற்றிச் சொல்லு" என்றால், பெரும்பாலான பிள்ளைகள் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்ததும் நின்றுவிடுகிறார்கள். அதற்குமேல் போவது கணக்கில் புலிகளுக்கு மட்டும்தான் என்று ஒரு நினைப்பு. உண்மையில் எட்டாம் வகுப்புப் பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும். ஒரு நோட்டு, ஒரு பென்சில், ஒரு சாயங்காலப் பொழுது இருந்தால் அந்த எண்ணின் குணம் முழுவதையும் எழுதி முடித்துவிடலாம். எதிலிருந்து தொடங்குவது என்பதுதான் முக்கியம். பகாக் காரணிகளிலிருந்து தொடங்க வேண்டும். அவை கைக்கு வந்துவிட்டால் மற்ற எல்லாம் பின்னாலேயே வந்துவிடும். அவை கிடைக்காதவரை நீங்கள் செய்வது எல்லாம் மேலோட்டமான பார்வைதான்.

இந்தக் கட்டுரைக்கு நான் எடுத்துக்கொண்ட எண் 627001. நெல்லைக்காரர்களுக்கு இது எதுவென்று சொல்ல வேண்டியதில்லை, திருநெல்வேலி தலைமை அஞ்சலகத்தின் பின்கோடு. 627002 பாளையங்கோட்டை. நெல்லையப்பர் கோயில் இருக்கும் டவுனுக்கு 627006. இந்தியாவில் பின்கோடு முறை 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடு, கேரளம் சேர்ந்த தென்பகுதி. 627 என்று தொடங்கினால் நம்ம பக்கம்.

பின்கோட்டை எடுத்ததற்குக் காரணம் உண்டு. அழகான எண்ணாக இருக்கட்டும் என்று யாரும் அதைப் பொறுக்கி எடுக்கவில்லை, வரிசையில் வந்து விழுந்த எண் அது. அப்படிப்பட்ட எண்ணுக்குள் இவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டால், அப்புறம் எந்த எண்ணும் வெறும் எண்ணாகத் தெரியாது.

தொடங்குமுன்

100-க்குள் இருக்கும் 25 பகா எண்களும் தலைகீழ்ப் பாடமாக இருக்க வேண்டும்: 2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23, 29, 31, 37, 41, 43, 47, 53, 59, 61, 67, 71, 73, 79, 83, 89, 97. இதில் சலுகை கிடையாது. 51-ஐயும் 91-ஐயும் பகா எண் என்று நினைத்துக்கொள்ளும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. 51 என்பது 3 × 17, 91 என்பது 7 × 13. இந்த இரண்டையும் முதலிலேயே களைந்துவிடுங்கள். 1 பகா எண்ணும் இல்லை, பகு எண்ணும் இல்லை.

ஆறு இலக்கம் முதலில் மலைப்பாக இருந்தால் நாலு இலக்கத்தில் பழகுங்கள். நெல்லை ஜங்ஷன் பேருந்து நிலையத்தில் நிற்கும்போது கண்ணில் படும் டிஎன் 72 வண்டிகளின் கடைசி நாலு இலக்கம் நல்ல பயிற்சி. 10000-இன் வர்க்கமூலம் 100 என்பதால், எந்த நாலு இலக்க எண்ணுக்கும் மேலே உள்ள 25 பகா எண்களே போதும்.

எல்லை போடுவது

627001-க்கு எதுவரை வகுத்துப் பார்க்க வேண்டும்? வர்க்கமூலம் வரை. 791² = 625681, 792² = 627264. நம் எண் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஆகவே 791 வரையுள்ள பகா எண்கள் போதும்.

காரணம் எளிது. ஒரு எண் இரண்டு எண்களின் பெருக்கமாக இருந்தால், அந்த இரண்டில் சின்னது வர்க்கமூலத்தைத் தாண்டாது. இரண்டுமே 792 அல்லது அதற்கு மேல் என்றால் பெருக்கம் 627264-க்குக் குறையாதே.

791 வரை 138 பகா எண்கள் இருக்கின்றன. அதிகபட்ச வேலை அவ்வளவுதான். பெரும்பாலும் அதில் கால்வாசிகூட வேண்டியிருக்காது.

மூன்று மூன்றாக வெட்டுங்கள்

2, 3, 5 மூன்றும் பார்த்ததும் தெரியும். 627001 ஒற்றைப்படை. இலக்கங்களின் கூடுதல் 6+2+7+0+0+1 = 16, 3-ஆல் வகுபடாது. கடைசி இலக்கம் 1 என்பதால் 5-உம் இல்லை.

அடுத்தது 7, 11, 13. இங்கே ஒவ்வொன்றாக வகுத்து நேரத்தைப் போக்காதீர்கள். 7 × 11 × 13 = 1001. இந்த ஒரு சமன்பாடு மூன்று வகுத்தலை ஒன்றாக்கிவிடுகிறது. எண்ணை வலப்பக்கத்திலிருந்து மூன்று மூன்று இலக்கமாக வெட்டி, வலது துண்டிலிருந்து இடது துண்டைக் கழியுங்கள். 001 − 627 = −626. கழித்தல் குறியை விட்டுவிட்டு 626-ஐ மட்டும் சோதித்தால் போதும். 7-ஆல் வகுத்தால் மீதி 3, 11-ஆல் மீதி 10, 13-ஆல் மீதி 2. மூன்றும் காரணி இல்லை.

இதே வெட்டு 37-க்கும் உதவும், ஏனென்றால் 999 = 27 × 37. இந்தத் தடவை கழிக்காமல் கூட்டுங்கள். 627 + 001 = 628. 37 × 17 = 629. ஒன்று குறைகிறது, வகுபடாது. ஆனால் பாளையங்கோட்டையைப் பாருங்கள்: 627 + 002 = 629. அப்படியே 37 × 17! 627002-க்கு 37 காரணி என்பது ஒரே ஒரு கூட்டலில் தெரிந்துவிட்டது.

நெல்லைப் பின்கோடுகளுக்கு மட்டும் இன்னொரு சலுகை இருக்கிறது. 627 = 3 × 11 × 19. ஆகவே 627000 இந்த மூன்றாலும் வகுபடும். 627 என்று தொடங்கும் எந்தப் பின்கோட்டுக்கும் 3, 11, 19 மூன்றையும் சோதிக்கக் கடைசி மூன்று இலக்கத்தைப் பார்த்தால் போதும். அம்பாசமுத்திரத்தின் 627401-ஐ எடுங்கள். 401-ஐ 3 வகுக்காது, 11 வகுத்தால் மீதி 5, 19 வகுத்தால் மீதி 2. முடிந்தது. நம் 627001-க்கு மீதியெல்லாம் 1.

கடைசி இலக்கத்தை உதிர்ப்பது

17-இலிருந்து மேலே போகும்போது இந்த முறைதான் கைகொடுக்கும். இதை நிதானமாகப் படியுங்கள், கட்டுரையின் உயிர்நாடியே இதுதான்.

சோதிக்கும் பகா எண் 1-இல் முடிந்தால் (31, 41, 61, 71), உங்கள் எண்ணின் கடைசி இலக்கம் எவ்வளவோ அத்தனை மடங்கைக் கழியுங்கள். கடைசியில் 0 வரும். அதை உதிர்த்துவிடுங்கள். எண் ஒரு இலக்கம் சுருங்கும். திரும்பவும் அதையே செய்யுங்கள்.

71-ஐ வைத்துச் செய்து பார்ப்போம்.

627001 − 71 = 626930. 0 உதிர்ந்தால் 62693.
62693-இன் கடைசி இலக்கம் 3. 62693 − 213 = 62480. உதிர்த்தால் 6248.
கடைசி இலக்கம் 8. 6248 − 568 = 5680. உதிர்த்தால் 568.
568 = 71 × 8.

மீதியில்லாமல் விழுந்துவிட்டது. 627001-க்கு 71 காரணி.

இது ஏன் சரி? 71-இன் மடங்கைக் கழிப்பதால் 71-ஆல் வகுபடுமா என்ற கேள்விக்கான பதில் மாறாது. 0-ஐ உதிர்ப்பது 10-ஆல் வகுப்பதுதான். 10-க்கும் 71-க்கும் பொதுக் காரணி எதுவும் இல்லாததால் அதிலும் பதில் மாறாது. பத்தாம் வகுப்பு 'எண்களும் தொடர்வரிசைகளும்' பாடத்தில் வரும் மட்டு எண்கணிதம் இதேதான். அதைப் பரீட்சைக்கு மட்டும் படித்துவிட்டு விட்டுவிடுகிறோம்.

மற்ற முடிவுகளுக்குக் கொஞ்சம் மாற்றம். 9-இல் முடியும் பகா எண்ணுக்கு (19, 29, 59) கழிப்பதற்குப் பதில் கூட்டுங்கள். 7-இல் முடிந்தால் மூன்று மடங்கு 1-இல் முடியும், அந்த மூன்று மடங்கை வைத்துக் கழியுங்கள். 17-க்கு 51, 67-க்கு 201. 3-இல் முடிந்தால் மூன்று மடங்கு 9-இல் முடியும், அதைக் கூட்டுங்கள். 23-க்கு 69, 43-க்கு 129. 67-ஐச் சோதித்தால்: 627001 − 201 = 626800, இரண்டு 0 உதிர்ந்து 6268. 6268 − 1608 = 4660, உதிர்ந்து 466. 67 × 7 = 469. மூன்று குறைகிறது, ஆகவே 67 காரணி இல்லை.

17, 19, 23, 29, 31, 37, 41, 43, 47, 53, 59, 61, 67 எல்லாம் இப்படித் தோற்றுப்போய், இருபதாவது பகா எண்ணான 71-இல்தான் கதவு திறக்கிறது. இடையில் பத்துக்கு மேல் தோல்வி வரும். அந்த இடத்தில்தான் பாதிப் பேர் "இது பகா எண்ணாத்தான் இருக்கும் ஸார்" என்று பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறார்கள். வைக்காதீர்கள். 791 என்று எல்லை போட்டிருக்கிறோம், அதுவரை தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

மிச்சத்தை விடாதீர்கள்

627001 ÷ 71 = 8831. முதல் காரணி கிடைத்த மகிழ்ச்சியில் இத்தோடு நிறுத்துவது பெரிய தவறு. 8831 பகா எண்ணா?

இங்கே நமக்கு வேலை நிறையக் குறைகிறது. 8831-இன் வர்க்கமூலம் 94-க்குக் கொஞ்சம் கீழே. 71-க்குக் கீழே உள்ள பகா எண்களை ஏற்கெனவே பார்த்தாயிற்று, அவை 627001-ஐயே வகுக்காதபோது 8831-ஐ எப்படி வகுக்கும்? ஆக, பார்க்க வேண்டியவை 71, 73, 79, 83, 89 ஆகிய ஐந்துதான். மீதிகள் முறையே 27, 71, 62, 33, 20. எதுவும் வகுக்கவில்லை. 8831 பகா எண்.

627001 = 71 × 8831

இதை வேறு எந்தப் பகா எண்களின் பெருக்கமாகவும் எழுத முடியாது. அடிப்படை எண்ணியல் தேற்றம் சொல்வது அதைத்தான். நோட்டில் பெட்டி கட்டி எழுதிவையுங்கள். அதற்கு முன் 71 × 8831-ஐ ஒரு தடவை பெருக்கிச் சரிபாருங்கள்.

அக்கம்பக்கத்தையும் சேர்த்து எழுதுவோம்.

627000 = 2³ × 3 × 5³ × 11 × 19
627002 = 2 × 37² × 229
627006 = 2 × 3 × 31 × 3371

627002-இல் 37 இரண்டு தடவை வருவதைக் கவனியுங்கள். 2-ஆல் வகுத்தால் 313501. வெட்டிக் கூட்டினால் 313 + 501 = 814 = 37 × 22. வகுத்தால் 8473. மறுபடியும் வெட்டினால் 8 + 473 = 481 = 37 × 13. ஒரு காரணி கிடைத்தால், அதே காரணியை இன்னொரு தடவை முயன்ற பிறகே அடுத்ததுக்குப் போக வேண்டும் என்பதற்கு இதுவே சாட்சி.

இனி வகைப்படுத்தலாம்

ஒரு எண்ணுக்கு மொத்தம் எத்தனை காரணிகள்? ஒவ்வொரு பகா எண்ணின் அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்குங்கள். 627001-க்கு 2 × 2 = 4 காரணிகள்: 1, 71, 8831, 627001. 627002-க்கு 2 × 3 × 2 = 12. 627006-க்கு 16. 627000-க்கு 4 × 2 × 4 × 2 × 2 = 128! ஒரே ஒரு எண் தள்ளி நிற்கும் இரண்டு எண்களில் ஒன்றுக்கு 128 காரணிகள், மற்றொன்றுக்கு வெறும் 4. எண் வரிசையில் அடுத்த வீட்டுக்காரர் என்பதால் குணம் ஒட்டாது.

காரணிகள் அதிகமாக இருக்கும் எண்களை ராமானுஜன் தனியாக ஆராய்ந்தார். தனக்கு முந்தைய எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்களைப் பற்றிய அவருடைய நீண்ட கட்டுரை 1915-இல் வெளிவந்தது. நம் எண்ணின் பக்கத்தில் அப்படிப்பட்டவை 554400-உம் 665280-உம். முதலாவதற்கு 216 காரணிகள். 627000 நூற்றைத் தாண்டி நின்றும் அந்த வரிசையில் இடம் பெறவில்லை.

இரண்டாண்டு கழித்து, 1917-இல், அவரும் ஆங்கிலேயக் கணிதர் ஹார்டியும் சேர்ந்து இன்னொன்றைக் காட்டினார்கள். ஒரு சாதாரண எண்ணுக்கு எத்தனை வெவ்வேறு பகாக் காரணிகள் இருக்கும் என்ற கேள்விக்கு விடை, எண் வளர்வதைவிட மிக மிக மெதுவாகத்தான் வளர்கிறது. ஆறு இலக்க எண்களுக்கு அது மூன்றை ஒட்டி இருக்கும். ஆகவே 627001 (இரண்டு), 627002 (மூன்று), 627006 (நான்கு) எல்லாம் சாதாரண எண்கள்தான். 627000 (ஐந்து) கொஞ்சம் அபூர்வம்.

அடுத்து, தன்னைத் தவிர்த்த காரணிகளின் கூடுதல். கூடுதல் எண்ணுக்குச் சமம் என்றால் நிறைவெண் (6 = 1+2+3, 28 = 1+2+4+7+14). குறைந்தால் குறையெண், மிஞ்சினால் மிகையெண். 627001-க்கு 1 + 71 + 8831 = 8903. மிக மிகக் குறைவு. 627002-க்குக் கூடுதல் 343828, அதுவும் குறையெண். 627006-க்கு ஒரு சூத்திரத்தால் போடுவோம்: பகா எண்கள் எல்லாம் ஒரு தடவை மட்டும் வந்தால், ஒவ்வொன்றோடும் 1 கூட்டிப் பெருக்கினால் எல்லாக் காரணிகளின் கூடுதல் கிடைக்கும். 3 × 4 × 32 × 3372 = 1294848. அதிலிருந்து 627006-ஐக் கழித்தால் 667842. எண்ணைவிட 40836 அதிகம். டவுன் மிகையெண், தலைமை அஞ்சலகமும் பாளையங்கோட்டையும் குறையெண். 6-க்கு மேல் 6-இன் மடங்கு எதுவானாலும் மிகையெண்ணாகத்தான் இருக்கும், டவுனுக்கு விடை கணக்குப் போடாமலே தெரிந்திருக்கும்.

வர்க்கங்களாக உடைப்பது

எனக்கு இந்தப் பகுதிதான் மிகப் பிடித்தது. ஒரு எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியுமா? விதி இது: பகாக் காரணிகளில், 4-ஆல் வகுத்தால் மீதி 3 வரும் ஒவ்வொன்றும் இரட்டைப்படை அடுக்கில் இருக்க வேண்டும்.

627001-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 1. ஒற்றைப்படை எண்ணுக்கு மீதி 1 வந்தாலே எழுதிவிடலாம் என்று அவசரப்படுபவர்கள் உண்டு. அது பகா எண்களுக்குத்தான் செல்லும். இங்கே 71-க்கும் 8831-க்கும் தனித்தனியே மீதி 3, இரண்டும் ஒவ்வொரு தடவைதான் வருகின்றன. ஆகவே முடியாது. காரணிகளைத் தெரிந்துகொள்ளாமல் இந்தப் பதிலைச் சொல்லியிருக்க முடியுமா?

627002-இல் 2-க்குத் தடை இல்லை. 37-க்கும் 229-க்கும் மீதி 1. ஆகவே முடியும், அதுவும் மூன்று விதமாக:

629² + 481² = 627002
659² + 439² = 627002
751² + 251² = 627002

முதல் வரி எப்படி வந்தது? 229 = 15² + 2². அதன் இரட்டிப்பு 458 = 17² + 13² (15 + 2, 15 − 2 என்று எடுத்தால் போதும்). இனி 37² பாக்கி, இரண்டையும் 37-ஆல் பெருக்கினால் 629, 481. மேலே வெட்டிக் கூட்டியபோது வந்த அதே இரண்டு எண்கள்! மற்ற இரண்டும் 37² = 35² + 12² என்பதிலிருந்து வருகின்றன. 17, 13 ஒரு பக்கம், 35, 12 ஒரு பக்கம் வைத்துக் குறுக்கே பெருக்குங்கள்: 17×35 − 13×12 = 439, 17×12 + 13×35 = 659. குறிகளை மாற்றினால் 751, 251. இந்த மூன்றையும் கையால் வர்க்கப்படுத்திக் கூட்டிப் பாருங்கள், திருப்தியாக இருக்கும்.

கூடுதலுக்கு மறுத்த 627001 வித்தியாசத்துக்கு ஒத்துக்கொள்கிறது. காரணிகளின் கூடுதலில் பாதி, வித்தியாசத்தில் பாதி எடுங்கள்: 4451² − 4380² = 627001. 627002-க்கு இது நடக்காது. 4-ஆல் வகுத்தால் மீதி 2 வரும் எந்த எண்ணையும் இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுத முடியாது.

நம்ம ஊர்ப் பிள்ளை ஒருவரின் பெயர்

71 என்ற காரணியைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். எஸ். எஸ். பிள்ளை என்று கணித உலகம் அறிந்த சுப்பய்யா சிவசங்கரநாராயண பிள்ளை, குற்றாலத்துக்குப் பக்கத்து வல்லத்தில் 1901-இல் பிறந்தவர். ராமானுஜனைத் தெரிந்த அளவுக்கு இவரை நம் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

அவர் பெயரில் 'பிள்ளை பகா எண்கள்' என்று ஒரு வகை இருக்கிறது. ஒரு எண்ணின் தொடர்பெருக்கத்தோடு (1 முதல் அந்த எண் வரை எல்லாவற்றையும் பெருக்கி வருவது) 1 கூட்டினால், அதைக் குறிப்பிட்ட பகா எண் வகுக்க வேண்டும். ஆனால் அந்தப் பகா எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் மீதி 1 வரக் கூடாது. 71-ஐப் பார்ப்போம். 1 முதல் 9 வரை பெருக்கினால் 362880. 1 கூட்டினால் 362881 = 71 × 5111. 71-ஐ 9-ஆல் வகுத்தால் மீதி 8. இரண்டு நிபந்தனையும் சரி, 71 ஒரு பிள்ளை பகா எண். நெல்லையின் பின்கோட்டுக்குள் நெல்லைச் சீமைக் கணிதரின் பெயர் கொண்ட எண் உட்கார்ந்திருக்கிறது. யாரும் திட்டமிட்டு வைத்ததில்லை, பிரித்துப் பார்த்ததால் கிடைத்தது.

71-க்கு இன்னொரு சிறப்பும் உண்டு: 1 முதல் 7 வரை பெருக்கி 1 கூட்டினால் 5041, அதாவது 71². தொடர்பெருக்கத்தோடு 1 கூட்டி முழு வர்க்கம் வருவது 4, 5, 7 என்ற மூன்று இடங்களில் மட்டுமே இதுவரை கண்டிருக்கிறார்கள்.

பிள்ளை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது 1940-இல் நிறுவிய ஒன்றை நம் எண்ணிலேயே சோதிக்கலாம். எந்த முழு எண்ணையும் அதிகபட்சம் 73 ஆறாம் படிகளின் கூடுதலாக எழுதிவிடலாம் என்றார் அவர். 627001-க்கு: 9-இன் ஆறாம் படி 531441 ஒன்று, 6-இன் ஆறாம் படி 46656 இரண்டு, 3-இன் ஆறாம் படி 729 மூன்று, மிச்சம் 61 ஒன்றுகள். மொத்தம் 67. எல்லைக்குள் அடங்கிவிட்டது. 73-உம் வேண்டியிருக்கும் எண் 703: 64 பத்துத் தடவை, 1 அறுபத்து மூன்று தடவை.

தொடர்ச்சியாக 16 எண்களோ அதற்குக் குறைவாகவோ எடுத்தால், மற்ற எதனோடும் பொதுக் காரணி இல்லாத ஒன்று அவற்றில் கட்டாயம் இருக்கும் என்பதும் அவர் காட்டியது. 17 என்றால் அது உடைந்துபோகும், 2184 முதல் 2200 வரை எடுத்துப் பாருங்கள். 627000 முதல் 627015 வரையுள்ள பதினாறில் அந்தத் தனியாள் யார்? 627001-ஐச் சொல்லலாம். அதன் மிகச் சிறிய பகாக் காரணியே 71, பதினாறு எண்களுக்குள் 71-இன் இரண்டாவது மடங்கு வர இடமில்லை.

1950 ஆகஸ்ட் 31 அன்று, அமெரிக்கா போகும் வழியில் கெய்ரோ அருகே விமான விபத்தில் பிள்ளை இறந்துபோனார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

இலக்கங்களை வைத்து வரும் குணங்கள்

இலக்கங்களின் கூடுதலால் வகுபடும் எண்ணுக்கு ஹர்ஷத் எண் என்று பெயர். நாசிக் பக்கத்தில் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேகர் வைத்த பெயர் அது. 627000-இன் கூடுதல் 15, அது 627000-ஐ வகுக்கும், ஆகவே ஹர்ஷத். மற்ற மூன்றும் ஹர்ஷத் இல்லை. இப்படிப்பட்ட குணங்கள் நாம் பத்தை அடியாக வைத்து எழுதுவதால் வருபவை. 627001-ஐ இரண்டடியில் 10011001000100111001 என்று எழுதினால் இலக்கக் கூடுதல் 9 ஆகிவிடும். பகாக் காரணிகளோ எந்த அடியில் எழுதினாலும் மாறாது. அதனால் நோட்டில் இவற்றைக் கடைசியில் எழுதுங்கள்.

எண் இன்னும் பெரிதானால்

பத்து இலக்கத்துக்கு மேல் கையால் போவது வீண் வேலை. லினக்ஸ் கணினியில் 'ஃபேக்டர்' என்ற கட்டளையே இருக்கிறது. பைத்தான் தெரிந்தவர்கள் சிம்பை என்ற தொகுப்பைப் பயன்படுத்தலாம். கிடைக்கும் காரணி எண்ணிக்கைகளையும் கூடுதல்களையும் நீல் ஸ்லோன் 1964-இல் தொகுக்கத் தொடங்கிய முழு எண் தொடர்வரிசைக் களஞ்சியத்தில் தேடினால், உங்கள் எண் எந்தெந்த வரிசையில் வருகிறது என்று தெரியும்.

எக்செல் மாதிரி விரிதாளில் மட்டும் ஜாக்கிரதை. 15 இலக்கத்துக்குமேல் தட்டினால் மிச்சத்தை 0 ஆக்கிவிடும், நீங்கள் வேறு எண்ணைச் சோதித்துக்கொண்டிருப்பீர்கள். பயிற்சிக்கென்று ஆதார் எண்ணையோ வங்கிக் கணக்கு எண்ணையோ இணையத்தளங்களில் தட்டாதீர்கள்.

ஒரு எண் பகா எண்ணா என்று மட்டும் அறிய, அதைக் காரணிப்படுத்தத் தேவையில்லை. இதை வேகமாகவும் ஐயமில்லாமலும் தீர்மானிக்க வழி உண்டு என்று 2002-இல் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயல், நிதின் சக்சேனா நிறுவினார்கள். காரணிகளைக் கண்டுபிடிப்பதுதான் இன்றைக்கும் கடினம். 627001 மாதிரி இரண்டே பகா எண்களின் பெருக்கமாக, ஆனால் நூற்றுக்கணக்கான இலக்கங்களோடு இருக்கும் எண்களை நம்பித்தான் 1977-இல் பிறந்த ஆர்எஸ்ஏ என்ற, தகவல்களை ரகசியமாக்கும் பூட்டு முறை நிற்கிறது. 250 இலக்கம் கொண்ட அப்படி ஒரு எண்ணை 2020-இல்தான் உடைத்தார்கள்.

உங்களுக்கு ஒரு எண்

குற்றாலத்தின் பின்கோடு 627802. முதலில் 2-ஆல் வகுத்து 313901 ஆக்குங்கள். மூன்று மூன்றாக வெட்டிக் கழியுங்கள், 588 வரும். அதிலேயே அடுத்த காரணி தெரிந்துவிடும். அதையும் எடுத்தபின் கிடைக்கும் ஐந்து இலக்க எண்ணின் எல்லை 211. 7-இலிருந்து 211 வரை 44 பகா எண்கள், எல்லாவற்றையும் உதிர்க்கும் முறையில் சோதியுங்கள். கடைசிவரை எதுவும் வகுக்கவில்லை என்றால் உங்கள் கணக்கு சரி. பிறகு காரணி எண்ணிக்கை, குறையா மிகையா, இரண்டு வர்க்கங்களாக உடையுமா என்று மூன்றையும் எழுதுங்கள். அது முடிந்ததும் தென்காசியின் 627811-க்கு வாருங்கள். அதன் விடையை நான் இங்கே எழுதப் போவதில்லை.